தரவுத்தளத்துக்குத் தனி போர்ட் எண் வாங்குவது எப்படி: எபேனிலிருந்து ஒரு வழிகாட்டி

எபேன் சைபர் சிட்டியில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நாங்கள் எழுதிய தரவுத்தளத்துக்கு ஒரு போர்ட் எண் பதிவு செய்யவேண்டும். ஆஃப்ரினிக் இங்கேதானே இருக்கிறது, போய்க் கேட்டால் கொடுப்பார்களா?"

கேள்வியில் தப்பில்லை. ஆப்பிரிக்காவுக்கும் இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கும் ஐபி முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் அமைப்பு நம் எபேனில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கிடைப்பவை ஐபி முகவரிகளும் நெட்வொர்க்குகளுக்கான ஏஎஸ் எண்களும்தான். போர்ட் எண்ணுக்கு வட்டாரக் கணக்கு எதுவும் கிடையாது. உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல். அதைப் பராமரிப்பது ஐயானா. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் ஐகான் நிறுவனத்தின் கீழ் அது இயங்குகிறது. மொரீஷியஸில் இருக்கும் நாமும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் பெரிய நிறுவனமும் நிரப்புவது ஒரே படிவத்தைத்தான். கட்டணம் கிடையாது, இடைத்தரகரும் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து கரும்பு எடைமேடைகளுக்காக ஒரு சிறு தரவுத்தளம் எழுதினோம். அதற்கு எண் வாங்கிய அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாறக்கூடாது.

எண்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன

போர்ட் லூயிக்கு ஒரு சரக்குக் கப்பல் வருகிறது. எந்தத் துறைமுகம் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தத் துறைமேடையில் கட்டுவது என்றும் மாலுமிக்குத் தெரியவேண்டும். ஐபி முகவரி துறைமுகம், போர்ட் எண் துறைமேடை. ஒரே சர்வரில் வெப், மெயில், தரவுத்தளம் மூன்றும் ஓடலாம். வரும் இணைப்பு யாருக்கு என்று போர்ட் எண்தான் பிரித்துக் காட்டுகிறது.

இது 16 பிட் எண் என்பதால் 0 முதல் 65535 வரை போகும். 0 முதல் 1023 வரை சிஸ்டம் போர்ட்கள். வெப்புக்கு 80, 443, மெயிலுக்கு 25 எல்லாம் இங்கே இருக்கின்றன. யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்களில் இவற்றைத் திறக்க நிர்வாகி உரிமை வேண்டும், பதிவு செய்யவும் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு வழியாகப் போகவேண்டும். தரவுத்தளத்துக்காக இங்கே எண் கேட்கவே கேட்காதீர்கள். 1024 முதல் 49151 வரை யூசர் போர்ட்கள். நமக்கு உரிய இடம் இதுதான். 49152 முதல் 65535 வரை உள்ளவை அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்திவிட்டு விட்டுவிடும் தற்காலிக எண்கள் (டைனமிக் போர்ட்கள்), யார் பெயருக்கும் பதிவாகாது.

ஐயானாவின் பட்டியலைத் திறந்தால் நமக்குத் தெரிந்த முகங்கள் பல இருக்கும். மைஎஸ்கியூஎல் 3306, போஸ்ட்கிரெஸ் 5432, மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 1433, கௌச்டிபி 5984. கூடவே பிறர் மனையில் குடியிருப்பவர்களையும் பார்க்கலாம். ஆரக்கிள் தரவுத்தளம் காலங்காலமாகக் காதுகொடுத்துக் கேட்கும் 1521, பட்டியலில் என்கியூப் என்ற நிறுவனத்தின் லைசென்ஸ் மேனேஜர் பெயரில் இருக்கிறது. ஆரக்கிளுக்கென்று பதிவானவை 2483-உம் 2484-உம். எலாஸ்டிக்சர்ச் பயன்படுத்தும் 9200, பழைய செல்பேசி இணைய நெறிமுறையான வாப்புக்கு உரியது. ஐபிஎம் டிபி2-ஐ நிறுவும்போது வழக்கமாக வரும் 50000, யாருக்கும் பதிவாகாத மேல்பகுதியில் இருக்கிறது.

பெரியவர்களே இப்படி இருக்கிறார்களே, நாம் ஏன் மெனக்கெடவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1521-இல் ஆரக்கிள் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். உங்கள் எண்ணைக் கண்டு யாரும் ஒதுங்க மாட்டார்கள். சிறிய குழுவுக்குத்தான் பதிவு அதிகம் தேவை.

யார் எந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் கணக்கு வைக்கவேண்டும் என 1972 மே மாதம், இணைய விதிகள் வெளிவரும் ஆவண வரிசையான ஆர்எஃப்சியில், 349-ஆம் ஆவணத்தில் எழுதியவர் ஜான் போஸ்டல். அந்த வேலையைத் தாமே எடுத்துக்கொண்டு, 1998-இல் இறக்கும்வரை பார்த்தார். முன்பெல்லாம் அந்தப் பட்டியல் ஆர்எஃப்சி ஆவணமாகவே வெளிவரும். 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1700-தான் அந்த வரிசையில் கடைசி. இப்போது எல்லாம் ஐயானா தளத்தில்தான். இன்றைய விதிகள் 2011 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 6335-இல் இருக்கின்றன. விண்ணப்பிப்பவர்களுக்கான அறிவுரை 2015 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 7605-இல் இருக்கிறது. இரண்டையும் படிக்காமல் படிவத்தைத் திறக்காதீர்கள். குறிப்பாக இரண்டாவது, விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கும் நிபுணர் உங்களை என்ன கேட்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

முதல் படி: உண்மையிலேயே வேண்டுமா?

இதை மனச்சாட்சியோடு கேட்டுப் பாருங்கள். யூசர் போர்ட்கள் மொத்தமே 48 ஆயிரத்துச் சொச்சம். தீர்ந்துபோனால் புதிதாக உண்டாக்க முடியாது.

உங்கள் தரவுத்தளம் உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் ஓடப்போகிறதா? அப்படியானால் வேண்டாம். அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை எழுதிவைத்தால் முடிந்தது. தரவுத்தளத்தோடு பேசுவது முழுக்க வெப் பேசும் எச்டிடிபி வழியாகவா? அப்படியானால் 443-லேயே ஒரு பாதை கொடுத்து ஓட்டலாமே என்றுதான் முதலில் கேட்பார்கள். போஸ்ட்கிரெஸ் பேசும் அதே நெறிமுறையை (இரு பக்கத்து நிரல்களும் பேசிக்கொள்ளும் விதிகளை) அப்படியே எடுத்துப் பேசும் புதிய தரவுத்தளங்கள் இப்போது நிறைய வருகின்றன. உங்களுடையதும் அப்படியென்றால், நெறிமுறை புதிது கிடையாது. புதிதாக இருப்பது உங்கள் இன்ஜின் மட்டும். போர்ட் எண் தருவது நெறிமுறைக்கு. இந்த ஒரு வரியை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. எண் இல்லாமல் சர்வீஸ் பெயரை மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். சர்வர் எந்த எண்ணில் ஓடினாலும், இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்-இல் எஸ்ஆர்வி என்ற வகைப் பதிவு ஒன்று எழுதிவைத்தால், சர்வரைத் தேடி வரும் நிரலான கிளையன்ட் அதைப் பார்த்து எண்ணைத் தெரிந்துகொள்ளும். பெயர் மட்டும் கேட்டால் நிபுணர் ஆய்வு கிடையாது, முதலில் வருபவருக்கே கொடுத்துவிடுவார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் டிஎன்எஸ்-ஐ ஒழுங்காக வைத்திருப்பவர்கள் என்றால் இதுவே போதும் என்பேன். எங்கள் எடைமேடைகளில் அந்த வசதி இல்லை. வயலோரக் கொட்டகையில் ஒரு சிறு கணினி, ஒரு ரௌட்டர், அவ்வளவுதான். வெவ்வேறு ஆலைகளில் வெவ்வேறு ஆட்கள் நிறுவுவார்கள், வெளியார் எழுதும் கிளையன்ட்களும் வந்து சேரும். எல்லோருக்கும் தெரிந்த ஓர் எண் இருந்தே ஆகவேண்டும். அதனால்தான் விண்ணப்பித்தோம்.

ஆலையில் நடந்தது

பதிவு செய்வதற்கு முன்பு, நாங்களாகவே 40000-ஐ ஒட்டி ஓர் எண்ணை எடுத்துக்கொண்டோம். பட்டியலில் அது காலி. ஓராண்டு எந்தத் தொல்லையும் இல்லை.

மறு ஆண்டு வெட்டுக் காலத்தில் ஓர் இரவு, மின்சாரம் போய் வந்து சர்வர் மறுபடி கிளம்பியது. எங்கள் தரவுத்தளம் மட்டும் கிளம்பவில்லை. எடைமேடை ஊழியர் போனில் க்ரியோலில் சொன்னது, கரும்பு லாரிகள் வாசல் தாண்டிச் சாலைவரை நிற்கின்றன என்பது. நான் வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து, நிரலின் பதிவேடான லாகைப் பார்த்தேன். ஒரே வரிதான் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது: முகவரி ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது. நம் எண்ணில் வேறு எந்த சர்வர் நிரலும் காத்திருக்கவில்லை. அப்புறம்தான் நெட்வொர்க் இணைப்புகளை முழுவதுமாகப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். பேக்கப் எடுக்கும் நிரல் எங்களுக்கு முன்பே கிளம்பி, போர்ட் லூயியில் இருக்கும் ஒரு சர்வருக்கு வெளியே இணைப்புப் போட்டிருந்தது. அந்த இணைப்பின் இந்தப் பக்கத்து முனைக்கு லினக்ஸ் கொடுத்திருந்த தற்காலிக எண், நாங்கள் எங்களுடையது என்று நினைத்திருந்த அதே எண்.

காரணம் இதுதான். தற்காலிக எண்கள் 49152-இல் தொடங்கும் என்று ஐயானா சொல்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அதையே பின்பற்றுகிறது. லினக்ஸ் மட்டும் 32768 முதல் 60999 வரை எடுத்துக்கொள்கிறது. ஆக 32768-க்கு மேலே நீங்கள் பதிவு செய்த எண்ணாகவே இருந்தாலும், லினக்ஸ் அதைத் தற்காலிகமாக வேறொரு நிரலுக்குக் கொடுத்துவிடலாம். குறிப்பிட்ட எண்களைத் தற்காலிகப் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிவைக்க லினக்ஸ் கர்னலில் ஓர் அமைப்பு இருக்கிறது. அன்றிரவு அதைப் போட்டுத்தான் சமாளித்தோம். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளர் கணினியிலும் அதைப் போட்டிருக்கிறார்களா என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எனவே எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது 32768-க்குக் கீழே பாருங்கள். ஐயானா பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதில் காலி என்று குறித்த எண்களைத் தனியே எடுங்கள். ஒதுக்கிவைக்கப்பட்டவை என்று குறித்தவை வேறு, அவற்றைத் தொடாதீர்கள். காலியாக உள்ளவற்றில் நாலைந்தைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். பதிவு செய்யாமலே அந்த எண்ணில் ஓடும் பிரபலமான மென்பொருள் ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள். எண் அழகாக இருக்கிறது, பிறந்தநாளோடு ஒத்துப்போகிறது என்பதெல்லாம் படிவத்தில் காரணமாக நிற்காது. விரும்பும் எண்ணைக் குறிப்பிடலாம். கிடைத்தே தீரும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

உருவாக்கக் காலத்தில் சோதனைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சோதனைக்கென்றே 1021, 1022 இரண்டையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால் எங்களுக்கு அது தோதுப்படவில்லை. எண்ணை அமைப்புக் கோப்பில் மாற்றும் வசதி வைத்து, டைனமிக் பகுதியில் ஓர் எண்ணில் ஓட்டினோம். சோதனைக்கு அது போதும். வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது போதாது.

பெயர்

எண்ணோடு ஒரு சர்வீஸ் பெயரும் வேண்டும். விதிகள் எளியவை. அதிகபட்சம் 15 எழுத்து. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், இணைப்புக்கோடு மட்டும். ஓர் எழுத்தாவது இருக்கவேண்டும். இணைப்புக்கோடு முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது, இரண்டு சேர்ந்தாற்போலவும் வரக்கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் கணக்கில் இல்லை.

தமிழ் எழுத்துக்கு இங்கே இடமில்லை என்பது எனக்கு வருத்தம்தான். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் அதன் வரிசையை மாற்றி அச்சடித்தபோது இந்தத் தீவின் தமிழர்கள் விடாமல் நின்று, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். சர்வீஸ் பெயரில் நாம் செய்யக்கூடியது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவது. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைக்காதீர்கள். நிறுவனம் கைமாறும், நெறிமுறை அப்படியே இருக்கும். பதிப்பு எண்ணையும் பெயரில் ஒட்டாதீர்கள்.

நெறிமுறையைக் காகிதத்தில் கொண்டுவருவது

பெரும்பாலோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நிரல் ஓடும், கிளையன்ட் பேசும். ஆனால் இரண்டுக்கும் நடுவே கம்பியில் என்ன போகிறது என்று கேட்டால் நிரலைத் திறந்து காட்டுவார்கள். அது விளக்கம் ஆகாது. நிரலைப் பார்க்காத ஒருவர், உங்கள் ஆவணத்தை மட்டும் படித்துவிட்டு இன்னொரு கிளையன்டை எழுத முடியவேண்டும். எங்கள் குழுவில் இருந்த மொரீஷியஸ் தம்பி ஒருவரை அப்படி உட்காரவைத்தோம். அவர் சர்வர் பக்கத்து நிரலைத் தொட்டதே இல்லை. மூன்று நாளில் பதினேழு கேள்வியோடு வந்தார். அந்தப் பதினேழுக்கும் பதில் எழுதிச் சேர்த்தபிறகுதான் ஆவணம் ஆவணமானது.

எங்களுடையதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். கிளையன்ட் இணைந்தவுடன் 4 பைட் அடையாளக் குறி, 2 பைட் பதிப்பு எண், 2 பைட் வசதிக் கொடிகள் அனுப்பும். சர்வர் தனக்குத் தெரிந்த பதிப்புகளில் மிக உயர்ந்ததைத் திருப்பிச் சொல்லும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும் 1 பைட் வகை, 4 பைட் நீளம், அப்புறம் உள்ளடக்கம் என்ற வரிசையில் இருக்கும். நீளத்தில் அந்த 4 பைட்டும் சேருமா சேராதா, உயர்ந்த பைட் முதலிலா கடைசியிலா, அதிகபட்ச நீளம் எவ்வளவு, தெரியாத வகை வந்தால் இணைப்பை அறுப்பதா தாண்டிப் போவதா என்று ஒவ்வொன்றையும் எழுதினோம். இணைப்பு எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எந்த நிலையில் எந்தச் செய்தி செல்லும் என்பதற்கு ஒரு படம் போட்டோம். ஆறு பக்கம் வந்தது. அதற்கு மேல் தேவைப்படவில்லை.

பதிப்பு எண் ஏன் முதலிலேயே வரவேண்டும்? பதிப்பு 2 வந்ததும் இன்னொரு போர்ட் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஒரு சர்வீஸுக்கு ஓர் எண். பழைய கிளையன்டும் புதிய கிளையன்டும் அதே எண்ணுக்குத்தான் வரும், உள்ளே பேசித்தான் பிரித்துக்கொள்ளவேண்டும். பதிப்பு எண் இல்லாமல் நெறிமுறையை வெளியே விட்டுவிட்டால், பின்னால் சேர்க்க வழியே கிடையாது.

பாதுகாப்பும் அதே மாதிரிதான். முன்பெல்லாம் வெப்புக்கு 80, மறைகுறியாக்கத்தோடு 443 என்று இரண்டிரண்டாகக் கொடுத்தார்கள். மேலே சொன்ன ஆரக்கிளின் 2483, 2484-உம் அப்படிப்பட்ட ஜோடிதான். இப்போது விண்ணப்பிப்பவர்களிடம் ஒரே எண்ணில் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் இதைச் செய்யும் விதம் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டியது. கிளையன்ட் முதலில் 8 பைட் மட்டும் உள்ள ஒரு செய்தி அனுப்பும். முதல் 4 பைட் நீளம், அதாவது 8. அடுத்த 4 பைட்டில் 80877103 என்ற எண். மறைகுறியாக்கத்துக்குத் தயாரா என்பதுதான் அதன் பொருள். தயார் என்றால் சர்வர் எஸ் (S) என்ற ஒரே ஓர் எழுத்தைத் திருப்பி அனுப்பும், இல்லையென்றால் என் (N) என்ற எழுத்தை. எஸ் வந்ததும் அதே இணைப்பில் மறைகுறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ் தொடங்கிவிடும். எல்லாம் 5432-க்குள்ளேயே. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மேல் 16 பிட்டில் 1234, கீழ் 16 பிட்டில் 5679. உண்மையான பதிப்பு எண் எதுவும் அப்படி இருக்காது என்பதால் குழப்பம் வராது. சின்ன விஷயம்தான், ஆனால் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

புதிதாக எழுதுபவர்களுக்கு என் பரிந்துரை இதைவிடவும் நேரானது. முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ் வைத்துவிடுங்கள், திறந்த பேச்சு என்ற ஒன்றே வேண்டாம். பழைய கிளையன்ட்களைச் சுமக்கவேண்டிய பாரம் உங்களுக்கு இல்லையே.

படிவம்

ஐயானா தளத்தில் சர்வீஸ் பெயர், போர்ட் எண் பட்டியலின் பக்கத்திலிருந்தே விண்ணப்பப் படிவத்துக்குப் போகலாம். முதலில் உரிமையாளர், தொடர்பாளர் என்று இரண்டு பேரைக் கேட்கும். உரிமையாளராக நிறுவனத்தின் பெயரையோ திட்டத்தின் பெயரையோ கொடுங்கள். தொடர்பு மின்னஞ்சலில் தனிமனிதர் முகவரியைத் தராதீர்கள். எபேனில் ஆட்கள் எவ்வளவு சீக்கிரம் வேலை மாறுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஐந்து வருடம் கழித்து ஐயானா அனுப்பும் கடிதம் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போனால், எண்ணைக் காப்பாற்ற ஆள் இருக்காது. குழுவுக்குப் பொதுவான முகவரி ஒன்றை உண்டாக்கி அதைக் கொடுங்கள். இவை பட்டியலில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து எந்தப் போக்குவரத்து நெறிமுறை, அதாவது தரவை எந்த முறையில் கொண்டுசெல்வது என்பது. டிசிபி, யுடிபி, எஸ்சிடிபி, டிசிசிபி நான்கும் இருக்கும். உங்களுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய பதிவுகளில் டிசிபி, யுடிபி இரண்டுமே இருப்பதைப் பார்த்து நாங்களும் இரண்டையும் தேர்ந்தெடுத்தோம். யுடிபி எதற்கு, நெரிசல் ஏற்பட்டால் எப்படி வேகத்தைக் குறைப்பீர்கள், சர்வரைக் கண்டுபிடிக்க மட்டும்தானா என்று கேள்விகள் வரிசையாக வந்தன. எங்கள் நெறிமுறை யுடிபியில் பேசுவதே இல்லை, பதில் சொல்ல எதுவும் இல்லை. எடுத்துவிட்டோம்.

சுருக்க விளக்கம் ஒரு வரி போதும். பட்டியலில் அதுதான் அச்சாகும். அதன் பிறகு வரும் விளக்கக் கேள்விகளுக்குத்தான் நேரம் கொடுக்கவேண்டும். பதிப்பு மாற்றத்தை எப்படிக் கையாளுகிறீர்கள், பாதுகாப்பு எப்படி, உருவாக்கம் எந்த நிலையில் இருக்கிறது, டைனமிக் பகுதியிலோ ஏற்கனவே உள்ள ஓர் எண்ணிலோ ஓட்ட முடியாதா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். "எங்கள் போட்டியாளருக்கு இருக்கிறது" என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். பலர் பல இடங்களில் நிறுவுகிறார்கள், தனித்தனியாக எழுதப்பட்ட கிளையன்ட்கள் முன்பின் தெரியாத சர்வரைத் தேடி வரவேண்டியிருக்கிறது, டிஎன்எஸ் உதவி அங்கே இல்லை என்று நடப்பை எழுதுங்கள். ஓர் எண்ணில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் அதையும் சொல்லுங்கள்.

பதில் வரும்போது

படிவத்தை அனுப்பியதும் ஒரு கோப்பு எண்ணோடு மின்னஞ்சல் வரும். அதன் பிறகு எல்லாக் கடிதத்திலும் அந்த எண் இருக்கட்டும். கோரிக்கை நிபுணர்களிடம் போகும், அவர்கள் கேள்விகளை ஐயானா உங்களுக்கு அனுப்பும். நம் நேரம் இரவு 9 என்றால் லாஸ் ஏஞ்சல்ஸில் காலை 9 அல்லது 10. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போய்விடும். அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல், அடுத்து எதைக் கேட்பார்கள் என்று யோசித்து அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

நாங்கள் இரண்டு எண் கேட்டிருந்தோம். கிளையன்ட்களுக்கு ஒன்று, சர்வர்கள் தங்களுக்குள் நகலெடுத்துக்கொள்ள இன்னொன்று. ஒரே எண்ணில் முதல் செய்தியிலேயே நான் கிளையன்ட், நான் இன்னொரு சர்வர் என்று சொல்லிவிடலாமே என்று பதில் வந்தது. முதலில் எங்களுக்குக் கோபம். உட்கார்ந்து பார்த்தால், வசதிக் கொடிகளில் ஒரு பிட் காலியாகவே இருந்தது. மாற்ற இரண்டு நாள்தான் ஆனது. ஆலைகளின் ஃபயர்வாலிலும் ஒரு ஓட்டைக்குப் பதில் இரண்டு போடச் சொல்லவேண்டிய வேலை மிச்சம். அந்த நிபுணருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினோம்.

மறுத்துவிட்டால் காரணத்தையும் சொல்வார்கள். அதைச் சரிசெய்து மறுபடி கேட்கலாம், சினந்து எழுதுவதால் ஒன்றும் ஆகாது.

எண் கிடைத்த பிறகு

பட்டியலில் உங்கள் வரி ஏறிவிடும். லினக்ஸில் ஈடிசி அடைவில் இருக்கும் சர்வீசஸ் கோப்புக்கு அது தானாக வந்துவிடாது. அந்தந்த லினக்ஸ் வெளியீட்டைப் பராமரிப்பவர்கள் தங்கள் விருப்பப்படி சேர்ப்பார்கள். காத்திருக்காமல் உங்கள் நிறுவியிலேயே எண்ணை இயல்பாக வைத்துவிடுங்கள். நிர்வாகி மாற்ற விரும்பினால் மாற்றவும் வழி இருக்கட்டும்.

அந்த எண் உங்கள் சொத்து இல்லை. விற்கவோ இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ முடியாது, இரு தரப்பும் சம்மதித்தாலும் முடியாது. பயன்பாடு நின்றுபோனால் ஐயானாவுக்கு எழுதித் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

எண் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றால் திருடனுக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு, மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் யுடிபி 1434 வழியாக நிமிடக் கணக்கில் உலகம் முழுக்கப் பரவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஆறு மாதம் முன்பே வந்திருந்தது, பலர் போடவில்லை. 2017 தொடக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். எனவே நிறுவியவுடன் தரவுத்தளம் அதே கணினிக்குள் வரும் இணைப்பை மட்டும் ஏற்கட்டும். வெளியே திறப்பது நிர்வாகி தெரிந்தே செய்யும் வேலையாக இருக்கவேண்டும். கடவுச்சொல் வைக்காமல் வெளியே திறக்க முயன்றால் நிரல் கிளம்பவே கூடாது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தாலும் மாற்றவில்லை.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் இடங்களைப் புதிய எண்ணுக்கு மாற்றுவது மட்டும் அவசரப்பட்டுச் செய்யக்கூடாத வேலை. சர்வர் இரண்டு எண்ணிலும் காத்திருக்கும்படி ஒரு வெளியீடு கொடுத்தோம். பழைய எண்ணில் யாராவது வந்தால் லாகில் எந்தக் கணினி என்று ஒரு வரி விழும். ஒரு வெட்டுக் காலம் முழுக்க அந்த வரிகளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கொட்டகையாகப் போய் அமைப்புக் கோப்பை மாற்றினோம். டிசம்பரில் கடைசி லாரி எடை போட்டுப் போனபோது இரண்டே இரண்டு கணினிகள் பழைய எண்ணில் இருந்தன. தை மாதக் காவடிக்கு ஆலை மூடியிருந்த நாளில் அவற்றையும் மாற்றி, பழைய எண்ணை மூடினோம்.